மேம்பாலத்தில் நின்ற வண்டி

பயணம் மனிதனின் மனத்தை விசாலமாக்கும் என்று என் கணவர் மேடையில் சொன்னபோது, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து இடது கையில் ஒட்டியிருந்த பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கம். பணி ஓய்வு பெற்றவர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள், யாராவது ஒருவரைப் பேசச் சொல்வார்கள், பிறகு போண்டா சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். அந்த மாதம் என் வீட்டுக்காரரின் முறை. தலைப்பு, ‘கடினமான நிலப்பகுதிகளில் தரைவழிப் பயணம்: சவால்களும் பலன்களும்’. நான் டயாலிசிஸ் செய்துகொள்ளும் இடம் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அன்று புதன்கிழமை. மெஷினிலிருந்து கழற்றிவிட்ட கையோடு நேராக அங்கே வந்திருந்தேன்.

திரையில் அவருடைய ஜீப் ஓடியது. லடாக்கில் ஓடியது, ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் ஓடியது, ஒரு பனி ஆற்றுக்குள் பாதி உடம்பு முங்கிக்கொண்டு ஓடியது. “தண்ணியப் பாத்து பயப்படக்கூடாது. தண்ணியப் படிக்கக் கத்துக்கணும்” என்றார். கைதட்டினார்கள். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, மாதக்கணக்கில் இப்படிப் போய்விடுகிறீர்களே, வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். என் கணவர் மைக்கைச் சற்று நெருக்கிப் பிடித்துக்கொண்டு, “என் மனைவி எதுக்கும் யாரையும் எதிர்பாக்காதவங்க” என்றார். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பலர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் சிரித்து வைத்தேன்.

எதிர்பார்க்கவில்லை என்று யார் சொன்னது? எதிர்பார்த்து எதிர்பார்த்து அலுத்துப்போய் நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பெயர் வேறு.

என்னுடைய தரைவழிப் பயணம் ஆதம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு. திங்கள், புதன், வெள்ளி. இரண்டு வருடமாக. என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம், என் ரத்தத்தை ஒரு மெஷின் வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்புகிறது. உடம்பில் தேங்கிய தண்ணீரையும் அதுதான் எடுக்க வேண்டும், வேறு வழியில் அது வெளியே போகாது. எனவே நான் ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்று அளந்து கொடுத்தது ஒரு சின்ன பாட்டில் தண்ணீர், அரை டம்ளர் காபி. தாகம் என்றால் என்ன என்று பாலைவனம் போய்வந்த என் கணவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சமையலறையில் குழாய் சொட்டும் சத்தமே போதும்.

பக்கத்தில் எங்குமே இடம் கிடைக்காத சமயத்தில் மயிலாப்பூரில் கிடைத்தது. பிறகு வேளச்சேரியிலும் நங்கநல்லூரிலும் திறந்தார்கள். நான் மாறவில்லை. அங்கே இருக்கும் டெக்னீஷியன் பெண் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். அந்த ஒரு குத்துக்காக நான் ஊரைச் சுற்றத் தயாராக இருந்தேன்.

சுற்றத்தான் வேண்டியிருந்தது. மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டுகிறார்கள், தோண்டுகிறார்கள், தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். திங்கட்கிழமை இருந்த சாலை புதன்கிழமை இருக்காது. தகரத் தடுப்புக்கு நடுவே ஒரு சந்து விட்டிருப்பார்கள், வெள்ளிக்கிழமை அதையும் மூடிவிட்டு ‘மாற்றுப்பாதை’ என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். அம்பு காட்டும் திசையில் போனால் இன்னொரு தகரம். ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு வளைவைக் கடப்பதற்குள் நான் பஞ்சாங்கம் படித்து முடித்துவிடலாம். என் கணவர் இதையெல்லாம் பயணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். இதில் உயரமான கணவாய் எதுவும் இல்லை, படம் எடுக்க ஒன்றுமில்லை.

என்னைக் கூட்டிப்போவது சைதாப்பேட்டைக்காரர் ஒருவர், ஆட்டோ ஓட்டுகிறார். வயது நாற்பது இருக்கும். நான் தம்பி என்பேன், அவர் அம்மா என்பார். முதல் வாரம் மெஷினிலிருந்து திரும்பும்போது அவர் வண்டியிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். திட்டப்போகிறார் என்று கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தேன். “வுடும்மா. கய்வினா போச்சு. நீ சாஞ்சுக்கோ” என்றார். அன்றிலிருந்து அவர்தான். அங்கே நோயாளியுடன் வந்தவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதையும் அவரே போட்டார். நாலு மணி நேரம் வெளியே பக்கத்துச் சவாரிகள் பார்த்துவிட்டு, சரியாகக் கழற்றும் நேரத்துக்கு வாசலில் நிற்பார்.

என் கணவர் ஒருமுறைகூட வந்ததில்லை. முதல் வருடம் அவர் வேலையில் இருந்தார். இரண்டாம் வருடம் ஓய்வு பெற்று ஜீப் வாங்கிவிட்டார். ஊருக்குள் ஓட்டினால் அந்த வண்டிக்குக் கேவலம். முன்பக்கம் ஓரமாக ஒரு கறுப்புக் குழாய் கூரை வரைக்கும் போகிறது, கழுத்தளவு தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் அதன் வழியாக மூச்சு விடுமாம். அந்தக் குழாயைத் துடைப்பதற்கென்றே தனியாக ஒரு துணி வைத்திருக்கிறார். என் கைத் துண்டைத் தேடினால் அது எங்கே என்று அவருக்குத் தெரியாது.

அந்த நவம்பரில் புயல் வருகிறது என்றார்கள். எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் புயல் என்றால் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் அப்புறம்தான். முதலில் காரை எடுத்துக்கொண்டு போய் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் நிறுத்த வேண்டும். ஒரு முறை கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள், குறை சொல்ல முடியாது. வானிலை அறிக்கை வந்த அரை மணியில் பாலத்தின் ஓரம் முழுக்க வரிசை கட்டிவிடும். கண்ணாடியில் கைபேசி எண்ணை எழுதி ஒரு தாளைச் செருகிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வீட்டுக்கு வருவார்கள்.

சனிக்கிழமை மாலை என் கணவரும் சாவியை எடுத்தார்.

“ஜீப்பையா?” என்றேன்.

“பின்ன? தண்ணி ஏறினா எலக்ட்ரிகல் முழுக்கப் போயிடும்.”

“ஆத்துல இறக்கினீங்களே.”

“அது ஓடுற தண்ணி. சுத்தமான தண்ணி. இது சாக்கடை.”

திங்கட்கிழமை எனக்கு முறை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதற்குள் மழை நின்றுவிடும் என்றார். போய் நிறுத்திவிட்டு, நடந்து திரும்பி வந்து, பாலத்தில் கடைசி நல்ல இடம் தனக்குத்தான் கிடைத்தது என்று பெருமையாகச் சொன்னார்.

மழை நிற்கவில்லை. ஞாயிறு முழுவதும் கொட்டியது. திங்கட்கிழமை தெருவில் இறங்க முடியவில்லை, ஆட்டோத் தம்பியும் சைதாப்பேட்டையில் வீட்டுக்குள் நுழைந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் ரத்தம் கழுவப்படவில்லை. செவ்வாய்க்கிழமை கால் இரண்டும் வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது, எனவே நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன். தெரு முழுக்கத் தண்ணீர், என் நுரையீரலிலும் தண்ணீர், நாக்கு மட்டும் வறண்டு கிடந்தது. இந்த வேடிக்கையை யாரிடம் சொல்வது?

செவ்வாய் மாலை டெக்னீஷியன் பெண் கூப்பிட்டாள். திங்களன்று நிறையப் பேரால் வர முடியவில்லை, எல்லாரும் காத்திருக்கிறார்கள், உங்களுக்குப் புதன் மதியம் பன்னிரண்டு மணிக்கு மெஷின் வைக்கிறேன், பன்னிரண்டரைக்கு மேல் பிடித்து வைக்க முடியாது என்றாள். பிறகு டாக்டர் பேசினார். “நாளைக்கு வந்தே ஆகணும்மா. இன்னொரு நாள் தாங்காது” என்றார். அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

புதன் காலை மழை தூறலாகக் குறைந்தது. என் கணவர் உற்சாகமாகக் கிளம்பினார். ஜீப்பை எடுத்து வருகிறேன், ஒரே மூச்சில் மயிலாப்பூர், இதற்குத்தானே வண்டி என்றார். ஏழு மணிக்குப் போனவர் ஒன்பதரைக்கு வெறுங்கையோடு, இடுப்பு வரை நனைந்து வந்தார். பாலத்தில் அவருக்குக் கிடைத்த கடைசி நல்ல இடத்துக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது வரிசை வந்துவிட்டது. அதற்கும் பக்கத்தில் மூன்றாவது. ஜீப் கைப்பிடிச் சுவரோரம் சிக்கிக்கொண்டது. செருகியிருந்த தாள்களில் எண்கள் மழையில் கரைந்து நீலமாக வழிந்திருந்தன. ஒரே ஒரு எண்ணைப் படிக்க முடிந்தது. அழைத்தால் அந்த ஆள் தாம்பரத்தில் மாமியார் வீட்டில் இருந்தார், சாவியும் அவரிடம்.

“எப்படித்தான் இப்படி நிறுத்துறானுங்களோ. கொஞ்சம்கூடப் பொறுப்பு இல்ல” என்றார் என் கணவர்.

நான் அவரைப் பார்த்தேன். கத்துவதற்கு எனக்கு மூச்சு இல்லை. இருந்திருந்தால் அந்தத் தெருவே கேட்டிருக்கும். பனி ஆற்றைக் கடக்கவென்று வாங்கிய வண்டி, மழைக்குப் பயந்து பாலத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து செத்துக்கொண்டிருக்கிறேன். அன்று காலை அந்த மனிதரை நான் வெறுத்தேன். இதை மென்மையாகச் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் தம்பி கூப்பிட்டார். “மா, வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. உங்க தெருவுல தண்ணி கீதாம், உள்ள வந்தா நின்னுடும். பரங்கிமலை ஸ்டேஷன் பக்கம் மேட்ல நிக்கிறேன். அது வரிக்கும் நடந்து வந்துடுவியாம்மா?”

வந்துவிடுவேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

இடது கையில்தான் ஊசி குத்தும் நரம்பு. அதில் அழுக்குத் தண்ணீர் படக்கூடாது. தி.நகர் புடவைக் கடைப் பை ஒன்றைக் கைக்கு மாட்டி, முழங்கைக்கு மேல் நரம்பை இறுக்கிவிடும் ரப்பர் வளையம் போடாமல் துணியால் தளர்வாகக் கட்டிக்கொண்டேன். கையை உயர்த்திப் பிடித்தபடி படியிறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு மேலே இருந்தது, கறுப்பாக, ஒரு செருப்பும் ஒரு துடைப்பமும் மிதந்துகொண்டிருந்தன. என் கணவர் மலை ஏறும் தடியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். “சின்னச் சின்ன அடியா வை. காலைத் தூக்காதே, இழுத்து வை. என் தடி போற இடத்துல மட்டும் வை” என்று குழுவை நடத்துகிற குரலில் சொன்னார்.

“இது ஸ்பிட்டி இல்ல” என்றேன்.

“பேசாதே. மூச்ச மிச்சம் பண்ணு.”

பத்தடிக்கு ஒருமுறை நின்றேன். நின்றால் இரைத்தது, நடந்தால் அதற்கு மேல் இரைத்தது. மூலையில் திரும்பும் இடத்தில் அவருடைய தடி திடீரென்று கைப்பிடி வரை உள்ளே போனது. மழைநீர் வடிகாலின் மூடிக் கல் இல்லை. என்னைக் கையால் தடுத்து நிறுத்தி, தடியால் தடவித் தடவிச் சுற்றிக் கூட்டிப்போனார். தடி இல்லாமல் நான் மட்டும் வந்திருந்தால் அந்தக் குழிக்குள் போயிருப்பேன். இதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், சொல்வதற்கு எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்து.

மேட்டில் ஆட்டோ நின்றது. தம்பியின் சட்டை முழுக்கச் சேறு. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “இன்னாம்மா இப்டி மூச்சு வாங்குது. சாயாத, நிமிந்து குந்து. சார், நீங்க அந்தாண்ட போங்க, அம்மாவுக்குக் காத்து வரட்டும்” என்றார். மணி பத்தே முக்கால்.

கத்திப்பாரா வழியாகக் கிண்டி, கிண்டியிலிருந்து சைதாப்பேட்டை. பாலத்தின் கீழே அடையாறு பழுப்பாக, கரையை முட்டிக்கொண்டு போனது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். கைக்குழந்தையைத் தூக்கி ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். ஹாரன் அடித்தால் நகர மாட்டார்கள், திரும்பி முறைப்பார்கள். இந்த ஊரில் எனக்குப் பிடிக்காததெல்லாம் அன்று அந்தப் பாலத்தில் வந்து நின்றது. அங்கேயே பதினைந்து நிமிடம் போயிற்று.

நந்தனம் வந்ததும் என் கணவர் கைபேசியை எடுத்தார். அதுவரை அவர் சும்மா இருந்ததே பெரிது.

“நேரா போகாதீங்க. சிவப்பாக் காட்டுது. லெஃப்ட்ல தி.நகர் உள்ள போய் வெளிய வந்துடலாம், முழுக்கப் பச்சை.”

“சார், அங்க பச்சை காட்டுச்சுன்னா அங்க வண்டியே இல்லன்னு அர்த்தம். ஏன் இல்ல? தண்ணி கீது” என்றார் தம்பி.

“நான் நாலாயிரம் கிலோமீட்டர் மேப் பாத்து ஓட்டியிருக்கேன்.”

தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என்னால் பேச முடியவில்லை. என் பேசாமையை என் கணவர் சம்மதமாக எடுத்துக்கொண்டு, “திருப்புங்க” என்றார். அவர் வயதுக்கு மரியாதை கொடுத்துத் தம்பி திருப்பினார்.

தி.நகரின் உள்சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. புடவைக் கடை ஒன்றின் வாசலில் பொம்மைகள் பட்டுக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றன, கடைப் பையன்களும் முதலாளியும் வரிசையாக நின்று வாளியால் இறைத்து எங்கள் பக்கமே ஊற்றினார்கள். அதைத் தாண்டி ஐம்பது அடி போனதும் ஆட்டோ இருமியது, நின்றது. தண்ணீர் கால் வைக்கும் இடம் வரை ஏறியது. மணி பதினொன்றே முக்கால்.

தம்பி இறங்கினார். என் கணவரும் இறங்கினார். இரண்டு பேரும் தள்ளினார்கள். பின்னால் என் கணவர் மூச்சிரைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்று இருந்தது. மேடான இடத்துக்கு வந்ததும் தம்பி எதையோ கழற்றினார், துடைத்தார், ஊதினார், மாட்டினார். பத்து முறை இழுத்த பிறகு வண்டி கிளம்பியது. “இனிமே நான் சொல்ற வழிதான் சார்” என்றார் தம்பி, கோபமில்லாமல். என் கணவர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு தம்பி ஓட்டியதை என்ன சொல்ல. தேனாம்பேட்டையில் ஒரு பெட்ரோல் பங்க் உள்ளே புகுந்து மறுபக்கம் வந்தார். ஆழ்வார்ப்பேட்டையில் மெட்ரோக்காரர்களின் தகரத்துக்குப் பின்னால் இருந்த காவலாளி இவரைப் பார்த்ததும் சங்கிலியைக் கழற்றிவிட்டார். “டயாலிசிஸ் அம்மாவா, போ நைனா” என்றார். இரண்டு வருடமாக நான் தூங்கிக்கொண்டே கடந்த இடங்களில் எல்லாம் தம்பி எனக்காக ஆள் பிடித்து வைத்திருந்தது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு வாசலில் இறங்கினோம். என் கணவர் முன்னால் ஓடினார். உள்ளே போய் நடுவில் நின்று, இடதா வலதா என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். லிஃப்டுக்குள் புகுந்து, “எத்தனாவது மாடி?” என்று என்னைக் கேட்டார். உலகத்தின் உயரமான சாலைகளின் உயரத்தை அடி வரைக்கும் சொல்லத் தெரிந்தவர். இரண்டாவது மாடி என்று தம்பிதான் பொத்தானை அழுத்தினார்.

எடை பார்த்தார்கள். வெள்ளிக்கிழமையைவிட ஐந்து கிலோ கூடியிருந்தது, அத்தனையும் தண்ணீர். டெக்னீஷியன் பெண் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள். ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்ததும் நான் கண்ணை மூடினேன். பிறகு கேட்டது எல்லாம் குரல்கள்தான்.

“சார், நீங்க யாரு? அட்டெண்டர் மட்டும்தான் உள்ள வரலாம்.”

“நான் அவங்க ஹஸ்பண்ட்.”

“ஓ. நோட்ல அந்த அண்ணா நம்பர்தான் இருக்கு. அவசரம்னா அவரத்தான் கூப்பிடுவோம்.”

பக்கத்துப் படுக்கையில் எப்போதும் இருக்கும் மயிலாப்பூர் மாமி மெல்லிய குரலில் சொன்னார். “இவர்தான் உங்காத்துக்காரரா? எங்கேயோ வடக்க மலையில இருக்கார்னுன்னா நெனச்சிண்டிருந்தேன்.”

நான் தூங்கிவிட்டேன். அந்த நாலு மணி நேரத்தில் மூச்சு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. எழுந்தபோது படுத்தே கிடந்திருக்கிறேன் என்பது புரிந்தது. ஒரு ராத்திரி முழுக்க நாற்காலியில் கழித்த பிறகு படுத்தது அப்போதுதான்.

தண்ணீர் போய்விட்டால் தாகம் போய்விடும் என்று நினைப்பீர்கள். இல்லை, அப்போதுதான் கொல்லும். வழக்கமாக நானும் தம்பியும் அந்தத் தெருமுனையில் ஒரு மெஸ் வாசலில் நிறுத்துவோம். அவருக்கு ஒரு முழு டம்ளர் காபி, எனக்கு அரை டம்ளர். சொல்லவே வேண்டாம், அவரே அப்படி வாங்கி வருவார். தரைவழிப் பயணத்தின் பலன் என்று எனக்கு ஏதாவது இருந்தால் அது அந்த அரை டம்ளர்தான். அன்று நான் படியிறங்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் என் கணவர் நின்றார். தூறல் நின்று வெயில் லேசாகத் தலைகாட்டியது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். கையில் ஒரு பெரிய செவ்விளநீர், சீவி, ஓட்டை போட்டு, ஸ்ட்ரா செருகி. உடம்பு முடியாதவர்களுக்கு நம் ஊரில் யாரானாலும் வாங்கிக் கொடுப்பது அதைத்தான். இந்த மழையில் எங்கெங்கோ அலைந்து தேடிப் பிடித்திருக்கிறார்.

“குடி. தெம்பா இருக்கும்” என்றார்.

என் கை போனது. பொய் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று எனக்குத் தெரியும், இரண்டு வருடமாகத் தெரியும், ஆனாலும் கை போனது. அந்த ஓட்டையில் தண்ணீர் தளும்பியதைப் பார்த்தேன், அவ்வளவுதான், புத்தி வேலை செய்யவில்லை. ஸ்ட்ரா உதட்டுக்கு வந்துவிட்டது.

ஒரு கை குறுக்கே வந்து இளநீரை வாங்கிக்கொண்டது. தம்பி.

“இன்னா சார் நீ. எளநி அம்மாவுக்கு ஆவவே ஆவாது. பொட்டாசியம் சார் அதுல. உள்ள போச்சுன்னா ஹார்ட் நின்னுடும்.”

என் கணவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உங்களுக்கு யாரு சொன்னா?” என்றார்.

“ரெண்டு வருசமா வர்றேன் சார்” என்றார் தம்பி. இளநீரை நடைபாதை ஓரமாக வைத்துவிட்டு, மெஸ்ஸுக்குப் போய் அரை டம்ளர் காபி வாங்கி வந்தார். நான் குடித்தேன். அதைப் போல ஒரு காபியை நான் குடித்ததில்லை. என் கணவர் நடைபாதையில் நின்று நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் வீடு திரும்பினோம். தெருவில் தண்ணீர் வடிந்து கணுக்கால் அளவுக்கு வந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் நேராகச் சமையலறைக்குப் போனார். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். குளிர்பதனப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதன் கதவில், நான் சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியல் இரண்டு வருடமாக இருக்கிறது, என் கையெழுத்தில், பெரிய எழுத்தில். முதல் வரியே இளநீர். அந்தத் தாளைப் பிடித்து நிறுத்தியிருப்பது அவர் லடாக்கின் லே நகரிலிருந்து எனக்கென்று வாங்கி வந்த காந்தம். அதில் ஒரு ஜீப் படம்.

கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு திரும்பாமலே கேட்டார். “அந்த நோட்ல அவர் நம்பரை எடுத்துட்டு என் நம்பரைக் குடுத்துடேன்.”

எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது, கோபமும் போகவில்லை, இரண்டும் ஒன்றாகவே நின்றன. வடிகால் மூடியில்லாத இடத்தில் என்னைத் தடுத்த கையையும் நினைத்துக்கொண்டேன். இருந்தும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

“வேணாம்” என்றேன். “நீங்க சிக்னல் இல்லாத எடத்துக்கெல்லாம் போறவரு. அவரு ரெண்டாவது ரிங்குல எடுத்துடுவாரு.”

மறுநாள் என் கணவர் போய் ஜீப்பைப் பாலத்திலிருந்து இறக்கி வந்தார். வெள்ளிக்கிழமை காலை சட்டை மாட்டிக்கொண்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வெளியே தம்பியின் ஹாரன் கேட்டது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.